பூசி மெழுகிய கார்கள்

பழைய கார்களின் கண்காட்சி எங்கு நடந்தாலும் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். பளபளக்கும் ஒரு காரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருவர் பெயிண்டைப் பாராட்டுவார். இன்னொருவர் குரோமியம் பூசிய பம்பரில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வார். மற்றொருவர் இருக்கையின் தோல் அசல்தானா என்று தடவிப் பார்ப்பார். தரையில் முழங்கால் ஊன்றிக் காரின் அடிவயிற்றைப் பார்க்கிறவர் மட்டும் அநேகமாக இருக்க மாட்டார். ஆனால் அந்தக் கார் இன்னும் எத்தனை வருடம் ஓடும், அதில் போகிறவர் பத்திரமாக வீடு திரும்புவாரா என்பதெல்லாம் முடிவாவது அந்த அடிவயிற்றில்தான்.

பழைய கார் ஒன்றைச் சீரமைப்பதில் பெரிய வேலை பெயிண்ட் அடிப்பதல்ல. துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்துக்கு அளவாகப் புதுத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைப்பதுதான். இந்த வேலை நன்றாக நடந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மோசமாக நடந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது! இரண்டின் மேலும் ஒரே பெயிண்ட்தான் ஏறுகிறது. தெரிகிற வேலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுத் தெரியாத வேலைக்குப் பேரம் பேசுகிற இந்தத் தலைகீழ்க் கணக்கு மாறாத வரை, பழைய கார்களைக் 'காப்பாற்றுகிறோம்' என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு காரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு அங்குலக் கதை

மோரிஸ் மைனர் 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு 'மினி' காரை உருவாக்கிய அதே மனிதர். மைனர் தயாராகிக்கொண்டிருந்த கடைசிக் கட்டத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கார் ரொம்பக் குறுகலாக இருக்கிறதோ? உடனே மாதிரிக் காரை நெடுக்குவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் மெல்ல மெல்லத் தள்ளி வைத்துப் பார்த்து, சரி என்று கண்ணுக்குப் பட்ட இடத்தில் நிறுத்தினார்கள். இடைவெளி நான்கு அங்குலம். அதற்குள் பம்பர்கள் செய்து முடிக்கப்பட்டிருந்ததால், ஆரம்பகாலக் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். அகலத்தைக் கூட்டியதன் அடையாளமாகப் பானட்டின் நடுவில் ஒரு பட்டையான மேடு இன்றும் தெரியும்.

ஆக, வெட்டி இணைப்பது இந்தக் காருக்கு அவமானம் இல்லை. அதன் பிறப்பே அப்படித்தான்.

இந்தக் காரின் உற்பத்தி 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல். பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். எளிமையானது, மலிவானது, மாவட்ட நர்ஸ் முதல் தபால்துறை வரை எல்லோரும் ஓட்டியது. இன்றும் பிரிட்டனில் ஏராளமாக ஓடுகிறது. ஓடுகிற ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு காலத்தில் வெல்டிங் பட்டறையைப் பார்த்ததாகத்தான் இருக்கும்.

தீப்பெட்டியும் காரும்

ஏன் அப்படி? லாரியின் அடியில் இரண்டு கனத்த இரும்புச் சட்டங்கள் நீளமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், சக்கரம், மேல்கூண்டு எல்லாவற்றையும் தாங்குவது அந்தச் சட்டங்கள்தான். மேல்கூண்டு துருப்பிடித்தாலும் வண்டி நிற்கும். மோரிஸ் மைனரில் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாகச் செய்து, ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் வைத்து இணைத்த கூடுதான் முழு பலத்தையும் தருகிறது. வெறும் அட்டை வளையும், அதையே தீப்பெட்டியாக மடித்தால் நிற்கும். அதே தத்துவம். தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அழுத்திப் பாருங்கள், என்ன ஆகும் என்று தெரியும்.

அந்தக் கூட்டில் மிக முக்கியமானது, கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி வடிவப் பகுதி. (வசதிக்காக 'அடிப்பெட்டி' என்று வைத்துக்கொள்வோம்.) அடுத்தது, தரைத்தகட்டுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டம். மைனரின் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்கை எதிர்த்து நிற்கும் நீளமான இரும்புத் தண்டுகள்தான் ஸ்பிரிங் வேலையைச் செய்கின்றன. அந்தத் தண்டுகளின் பின்முனையைப் பிடித்திருப்பது இந்தக் குறுக்குச் சட்டம். பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்குகளைத் தாங்கும் கொக்கிகள். துரு முதலில் தேடிப் போவது சரியாக இந்த இடங்களைத்தான்.

காரணம் எளிது. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலை உறையாமலிருக்கப் பாறை உப்பைத் தூவுகிறார்கள். உப்புத் தண்ணீரும் சேறும் சக்கரத்தால் வாரி அடிக்கப்பட்டு, மூடிய பெட்டிகளுக்குள் புகுந்து, வெளியே வர வழியில்லாமல் தங்குகிறது. துரு என்பது தின்று தீர்ப்பது மட்டுமல்ல, வீங்கவும் செய்யும். தின்ற இரும்பைவிடத் துருவின் கன அளவு பெரிது. இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும் இடுக்கில் துரு வீங்கும்போது ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளே பிய்ந்துகொண்டு வந்துவிடும். வெளியே பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

எப்படிச் செய்ய வேண்டும்?

வெளித்தகட்டின் கனம் சுமார் 0.9 மி.மீ. ஏ.டி.எம். அட்டை ஒன்றின் கனம் 0.76 மி.மீ. என்றால் கணக்கு புரியும். தாங்கும் பகுதிகள் 1.2 மி.மீ. அல்லது 1.6 மி.மீ. இருக்கலாம். இரும்பு உருக சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அட்டை கனமுள்ள தகட்டில் அந்த வெப்பத்தை ஒரு கணம் அதிகமாகக் காட்டினால் ஓட்டை விழும். குறைவாகக் காட்டினால் மேலே ஒட்டியது போலத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு மயிரிழையில்தான் கைத்திறமை இருக்கிறது.

முதல் வேலை வெட்டுவதல்ல, முட்டுக்கொடுப்பது. காரைச் சமமாக நிறுத்தி, கதவு இருக்கும் திறப்பில் குறுக்குச் சட்டங்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முட்டுக்கொடுக்காமல், கண்ட இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிய காரில் அடிப்பெட்டியை வெட்டினால் கூடு லேசாகத் தொய்யும். அந்தத் தொய்வோடு புதுத் தகட்டைப் பற்றவைத்தால், கார் ஆயுளுக்கும் கோணல்தான். கதவு ஒருபோதும் சரியாக மூடாது. மேல்கூரை இல்லாத திறந்த கார்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பிறகு வெட்டு. துரு முடிகிற இடம் வரை அல்ல, பளிச்சென்று நல்ல இரும்பு தெரிகிற இடம் வரை வெட்ட வேண்டும். துருவின்மேல் வெல்டிங் பிடிக்காது. புதுத் தகட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு இரும்பில் வெட்டி, பழைய தகட்டின் விளிம்போடு இடைவெளி சீராக இருக்கும்படி பொருத்த வேண்டும். பொருத்துவதில்தான் பாதி நேரம் போகும்.

இன்று இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது மிக் வெல்டிங். துப்பாக்கி போன்ற கைப்பிடியின் விசையை அழுத்தினால் 0.6 மி.மீ. கம்பி ஓடி வந்து, மின்பொறியில் உருகி இணைப்பில் சேரும். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, உருகிய இரும்பின்மேல் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளும். முன்பெல்லாம் கேஸ் வெல்டிங்தான். இன்றும் கைதேர்ந்தவர்கள் சிலர் அதையே விரும்புகிறார்கள், வெல்டிங் மென்மையாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சீராக்குவது எளிது என்று.

எந்த முறையானாலும் எதிரி வெப்பம். சூடான தகடு விரிய நினைக்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. ஆறும்போது சூடான பகுதி முன்பிருந்ததைவிடச் சுருங்கிவிடும், சுற்றியுள்ள தகட்டை இழுத்து அலை அலையாக நெளிய வைக்கும். அதனால் நல்ல வெல்டர் ஒரு மூலையில் ஆரம்பித்து மறுமூலை வரை ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போக மாட்டார். இங்கே ஒரு புள்ளி, ஓர் அடி தள்ளி அங்கே ஒரு புள்ளி, பிறகு நடுவில் ஒன்று, ஆறும் வரை காத்திருப்பு, மறுபடியும் ஒரு புள்ளி என்று கடைசியில் புள்ளிகளெல்லாம் சேர்ந்து கோடாகும். பார்க்கிறவருக்கு அவர் சும்மா நிற்பது போலத் தெரியும். சும்மா நிற்பதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

கடைசியாக, பெட்டிக்குள் மெழுகு. வெல்டிங் வைத்த இடத்தில் உள்பக்கப் பூச்சு எரிந்து போயிருக்கும். துளைகள் வழியாக உள்ளே துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சாமல் விட்டால், புதுத் தகடு பழையதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். தண்ணீர் வடியும் துளைகளையும் அடைக்காமல் விட வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்?

மேலே சொன்னதெல்லாம் பல நாள் வேலை. குறுக்கு வழி ஒரே நாளில் முடியும். துருப்பிடித்த அடிப்பெட்டியை வெட்டாமலேயே, அதன்மேல் இன்னொரு தகட்டைப் போர்த்தி விளிம்பில் நாலு இடத்தில் வெல்டிங் வைத்துவிடுவது. உள்ளே துரு அப்படியே இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் சிக்கிக்கொள்ள இடமும் புதிதாகக் கிடைத்துவிட்டது. சில வருடங்களில் அந்தப் போர்வையும் ஓட்டையாகும். அதன்மேல் மூன்றாவது போர்வை! பழைய மைனர்களைப் பிரிக்கும்போது இப்படித் தகட்டின்மேல் தகடாக வெங்காயம் போல உரிந்து வருவது சீரமைப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி.

இதையாவது வெல்டிங் என்று சொல்லலாம். இன்னும் மலிவான வழி, ஓட்டைக்குள் கம்பிவலையோ கண்ணாடி நாரோ திணித்து, மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது. பட்டி ஒரு குற்றவாளி அல்ல. நன்றாக வெல்டிங் வைத்த தகட்டில் மிச்சமிருக்கும் சிறு மேடுபள்ளத்தை நிரவ மெல்லிய பட்டி தேவைதான். ஆனால் இல்லாத இரும்புக்குப் பதிலாகப் பட்டியை வைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான். அடிப்பக்கத்தில் கன்னங்கரேலென்று தார் போன்ற பூச்சை அடித்துவிட்டால், அந்தச் சோறும் கண்ணில் படாது.

எலுமிச்சைகளின் சந்தை

இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. நேர்மையான பட்டறையையும் குறுக்கு வழிக்குத் தள்ளுகிற ஏதோ ஒன்று இந்தச் சந்தையின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஏமாற்றிவிடும் மோசமான காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். அவர் சொன்னதன் சாரம் இதுதான். கார் நல்லதா கெட்டதா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நடுவாந்தரமான ஒரு விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது எலுமிச்சைகள். இந்தத் துறையில் செய்த பணிக்காக 2001-ல் அவருக்கும் மேலும் இருவருக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வெல்டிங் பட்டறைக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். ஒரு பட்டறை அறுபது மணி நேரம் உழைத்து அடிப்பெட்டியை முறையாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று ஆறு மணி நேரத்தில் போர்வை போர்த்துகிறது. இருவரும் கிரைண்டரால் வெல்டிங்கைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து நிறுத்துகிறார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அவர் ஏன் முதல் பட்டறைக்குப் பத்து மடங்கு தர வேண்டும்? தர மாட்டார். தராதபோது முதல் பட்டறைக்காரர் என்ன செய்வார்? ஒன்று, அவரும் போர்வை போர்த்தக் கற்றுக்கொள்வார். அல்லது கடையை மூடுவார். இரண்டிலும் தோற்பது கைத்திறமைதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கணக்குப்பதிவியல் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்ற பிரிவினையை எல்லோரும் படித்திருப்போம். பல ஆண்டுகளுக்குப் பலன் தருவது மூலதனச் செலவு. அந்த ஆண்டோடு தீர்ந்துபோவது வருவாயினச் செலவு. அடிப்பெட்டியில் போன பணம் இருபது ஆண்டு பலன் தரும். பெயிண்ட் பளபளப்பு அதைவிடச் சீக்கிரம் மங்கும். ஆனால் விற்கும்போது விலை கூட்டித் தருவது பளபளப்புதான். வெல்டிங் செலவை எந்த உரிமையாளரும் 'தண்டச் செலவு' பட்டியலில்தான் எழுதி வைக்கிறார். எது சொத்து, எது செலவு என்ற கணக்கே இங்கே புரண்டு கிடக்கிறது.

போர்வைத் தகடு என்பது சிக்கனமும் அல்ல, கடன். வட்டியோடு அடுத்த உரிமையாளர் தலையில் விடிகிற கடன். முறையாகச் செய்ய வேண்டிய வேலை அப்போதும் பாக்கி. அதோடு, போர்த்தியவற்றை உரித்தெடுக்கும் கூலியும், இடைப்பட்ட வருடங்களில் துரு தின்ற மிச்சமும் சேர்ந்துகொள்ளும்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டபோது

வாங்குபவரால் பார்க்க முடியாததை அவருக்காகப் பார்க்க ஒரு மூன்றாவது ஆள் பிரிட்டனில் இருந்தார். எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுச் சோதனை. 1960-ல் வந்தது. இந்தச் சோதனையின் விதிகள் வெல்டிங் விஷயத்தில் தெளிவானவை. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 செ.மீ. சுற்றளவுக்குள் தாங்கும் பகுதியில் கடுமையான துரு இருந்தால் தோல்வி. அங்கே ஒட்டுத் தகடு போட்டால் சுற்றிலும் இடைவெளியில்லாமல் வெல்டிங் இருக்க வேண்டும். பட்டியும் கண்ணாடி நாரும் செல்லாது. சோதிப்பவர் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அழுத்தியும் தட்டியும் பார்க்கலாம். அதுவே பல உயிர்களுக்குக் காவலாக இருந்திருக்கும்.

2012 நவம்பரில் 1960-க்கு முன் செய்த வாகனங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை என்றானது. 2018 மே 20 முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 வயது தாண்டிய கார்களுக்கும் விலக்கு. மோரிஸ் மைனர் வகையில் எல்லாக் கார்களுமே 40 வயதைத் தாண்டியவைதான். அரசு சொன்ன காரணம் நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. பழைய கார்களை வைத்திருப்பவர்கள் அக்கறையாகப் பராமரிக்கிறார்கள், குறைந்த தூரமே ஓட்டுகிறார்கள் என்றது.

அக்கறை உண்மைதான். ஆனால் அக்கறைக்குக் கண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைதோறும் காரைக் கழுவி மெழுகு தேய்க்கும் உரிமையாளர் அக்கறையானவர்தான். அவர் வாங்குவதற்குப் பத்து வருடம் முன்பு யாரோ போர்த்திய தகடு அவர் கண்ணில் படாது. கார் சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டிய சட்டப் பொறுப்பு மட்டும் இன்றும் அவருடையதே. சோதனை போய்விட்டது, பொறுப்பு போகவில்லை.

எதிர்த்துச் சொல்லக்கூடியவை

"எல்லோரிடமும் அவ்வளவு பணம் இருக்கிறதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மோரிஸ் மைனர் ஒன்றும் கோடீஸ்வரர் வீட்டுக் கார் அல்ல. சில மைனர்களில் முறையான வெல்டிங் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். அதற்குப் பதில், எதிலும் சிக்கனம் கூடாது என்பதல்ல. எதில் சிக்கனம் என்பதுதான். மட்கார்டின் விளிம்பில் ஓர் ஒட்டுத் தகடு அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பெயிண்ட் இரண்டு வருடம் காத்திருக்கட்டும். அடிப்பெட்டியும் குறுக்குச் சட்டமும் ஸ்பிரிங் கொக்கிகளும் காத்திருக்கக் கூடாது. மங்கிய பெயிண்டும் உறுதியான அடியும் உள்ள கார் ஏழையின் கார் அல்ல, புத்திசாலியின் கார்.

"வெட்டி வெட்டி மாற்றிக்கொண்டே போனால் அது அதே காரா?" என்பது இன்னொரு கேள்வி. இதிலும் உண்மை இருக்கிறது. சின்ன ஓட்டைக்காக முழுத் தகட்டையும் தூக்கி எறிவதும் தவறுதான். எம்.ஜி.பி. காருக்கு 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகச் செய்த முழுக் கூடும் கிடைக்க ஆரம்பித்தது. பழைய எஞ்சினையும் சக்கரத்தையும் அதில் மாட்டினால் அது பழைய காரா புதிய காரா என்று விவாதிக்க விரும்புகிறவர்கள் விவாதிக்கலாம். ஆனால் நல்ல இரும்பு வரை மட்டும் வெட்டி, கெட்டதை மட்டும் மாற்றுவதுதான் அசல் தகட்டை அதிகமாகக் காப்பாற்றும் வழி. போர்வை போர்த்துவது அசலைக் காப்பதில்லை, அசலை இருட்டில் வைத்துத் துருவுக்குத் தீனி போடுகிறது.

பாத் நகரமும் இலங்கையும்

தெரியாத வேலைக்கு மதிப்புத் தர முடியும் என்பதற்கு இதே மோரிஸ் மைனரில் ஓர் உதாரணம் இருக்கிறது. சார்லஸ் வேர் என்பவர் 1970களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். 1982-ல் நீடித்து உழைக்கும் காரை வைத்துக்கொள்வது பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அவர் வாதம் வணிகவியல் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். புதுக் கார் வாங்குகிறவருக்குப் பெரிய செலவு பெட்ரோல் அல்ல, தேய்மானம். தேய்மானத்தில் ஆண்டுதோறும் காணாமல் போகும் பணத்தை ஒரு பழைய காரின் உடலைச் சீரமைக்கவும் பராமரிக்கவும் போட்டால் அந்தக் கார் எத்தனை காலமும் ஓடும். அதாவது, வெல்டிங் தண்டச் செலவல்ல, தேய்மானத்துக்கு மாற்று.

அவர் முயற்சியின் அடுத்த கட்டம் இலங்கையில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கூட்டு நிறுவனம் அமைந்து, மோரிஸ் மைனரின் தகட்டுப் பாகங்களைச் செய்து பிரிட்டனுக்கு அனுப்பியது. இலங்கை ஏன் என்றால், அங்கே அந்தக் கைத்திறமை உயிரோடு இருந்தது. 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இருக்கிற காரைத்தான் ஓட்டியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ-40, மோரிஸ் மைனர் போன்ற கார்கள், போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயிலும் ஓடியவை. புதுக் கார் என்ற மாற்று இல்லாத இடத்தில், தகட்டு வேலை செய்கிறவரின் கைதான் காரின் ஆயுள். பிரிட்டன் செய்து அனுப்பிய காருக்கு, அதே காரை விடாமல் ஓட்டிய ஒரு தீவு, புது உடம்பு செய்து திருப்பி அனுப்பியது. பூசி மெழுகுவதால் இது நடந்திருக்காது.

என்ன செய்யலாம்?

சட்டம் திரும்பி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏகர்லாஃபின் கட்டுரையிலேயே மருந்தும் இருக்கிறது. தெரியாததைத் தெரிய வைக்கும் வழிகளைச் சந்தை தானே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

ஒன்று, படம். பெயிண்ட் அடிக்கும் முன், வெட்டிய இடம், உள்ளே இருந்த நிலை, வெல்டிங் வைத்த கோடு எல்லாவற்றையும் படமெடுத்துத் தேதியோடு தர வேண்டும் என்பது நிபந்தனையாக இருக்கட்டும். கைப்பேசி இருக்கும் காலத்தில் இதற்கு ஒரு காசு செலவில்லை. நேர்மையான பட்டறைக்கு இதைவிடப் பெரிய விளம்பரமும் இல்லை. படம் தர மறுக்கும் பட்டறை வேறொன்றைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

இரண்டு, ரசீது. 'பாடி ஒர்க்' என்று ஒரே வரியில் மொத்தத் தொகை எழுதுவதை ஏற்கக் கூடாது. தகட்டு வேலைக்கு எவ்வளவு மணி, பட்டிக்கும் பெயிண்டுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். பிரித்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்கே உறைக்கும்.

மூன்று, காந்தம். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று போதும். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. தாங்கும் பகுதிக்கு இது முழுமையான சோதனை இல்லை, போர்வைத் தகட்டில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஆனால் பேரத்தின் தொனியை மாற்ற அது போதும்.

நான்கு, விலக்கு இருந்தாலும் சோதனை. பிரிட்டனில் 40 வயது தாண்டிய காரையும் உரிமையாளர் விரும்பினால் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோகலாம். கட்டாயமில்லாத சோதனைக்குத் தானாகப் போகிற காரின் விலை கூடுதலாக இருப்பதுதான் நியாயம். வாங்குபவர்கள் கேட்க ஆரம்பித்தால் விற்பவர்கள் போக ஆரம்பிப்பார்கள்.

இந்த நான்கிலும் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பெயிண்டுக்கு முன்னால் ஒரு நாள், பட்டறைக்குப் போய், பளபளக்காத காரைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டும். சாம்பல் நிறத் தகடும், கருகிய விளிம்பும், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வெல்டிங் புள்ளிகளும் அழகாக இருக்காது. கண்காட்சியில் பரிசும் கிடைக்காது. ஆனால் காரைத் தாங்கப்போவது அவைதான். விலையும் அவற்றுக்குத்தான் இருக்க வேண்டும்.